பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வெண்பன்றிப் பண்ணை தொடங்கியவர்களின் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். “அண்ணே, குட்டி கழியுது. என்ன மருந்து போடலாம்?” மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். ஆனால் 20 தாய்ப்பன்றிகளோடு 14 வருடம் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது, ஊசியைக் கையில் எடுக்கும் நேரத்தில் பாதி ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும் என்பதுதான். குட்டியின் குடல் இரண்டு சமயங்களில் மிகவும் பலவீனமாக இருக்கிறது. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாள் ஒன்று, பால் மறக்கடித்த பிறகு வரும் பத்து நாள் மற்றொன்று. என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே குட்டியின் வயது வரிசையில் அடுக்கியிருக்கிறேன்.

பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் எப்படிக் கழிச்சல் வருகிறது?

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு வயிற்றில் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிடுகிறது. பன்றிக்கு அப்படி இல்லை. பன்றியின் நஞ்சுக்கொடி அமைப்பு தாயின் எதிர்ப்புப் புரதங்களைக் குட்டிக்குள் விடாது. அதனால் குட்டி வெறும் கையோடுதான் பிறக்கிறது. அதற்குக் கிடைக்கிற முதல் கவசம் சீம்பால்.

அந்தக் கவசத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் கதவும் ரொம்ப நேரம் திறந்திருக்காது. பிறந்தவுடன் குட்டியின் குடல் சுவர் பெரிய புரதங்களை அப்படியே ரத்தத்துக்குள் விடுகிறது. மணிக்கு மணி இது குறைந்து, 24 முதல் 36 மணி நேரத்தில் கதவு மூடிவிடும். தாயின் பக்கமும் இதே கதைதான். முதல் குட்டி வெளியே வந்த நேரத்தில் சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புப் புரதம், 12 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

கிருமி இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. முதல் நாட்களில் முக்கியமான எதிரி ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு வகை. எல்லா ஈ.கோலையும் கெட்டதல்ல, நல்ல குட்டியின் குடலிலும் அது உண்டு. நோய் உண்டாக்கும் வகைக்கு மட்டும் உடம்பைச் சுற்றிப் பிசின் போன்ற நுண்ணிய இழைகள் இருக்கும். அதைக்கொண்டு சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. உப்பையும் தண்ணீரையும் உடம்பிலிருந்து குடலுக்குள் கொட்டவைக்கிறது. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. பிறந்த குட்டியின் உடம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது வெளியே போகப் போக, ஒரே நாளில் குட்டி செத்துவிடும்.

குட்டி சீம்பால் போதுமான அளவு குடித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 முதல் 250 கிராம் சீம்பால் தேவை. 12 குட்டி போட்ட தாய் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், 3 கிலோ. ஒரு தாய் சுரப்பது சராசரியாக மூன்றரைக் கிலோ அளவில்தான். சில தாய்கள் அதில் பாதிகூடக் கொடுக்காது. ஆக, எல்லாக் குட்டிக்கும் சரியாகப் பங்கு கிடைத்தால்தான் உண்டு. பலசாலிக் குட்டி இரண்டு பங்கு குடித்துவிட்டால், கடைசியில் பிறந்த சின்னக் குட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது.

நான் செய்வது இதுதான். குட்டி பிறக்கப் பிறக்கத் துணியால் துடைத்து, நேராக மடியில் விடுவேன். முதலில் பிறந்த ஆறு குட்டிகளின் முதுகில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு. கடைசிக் குட்டி பிறந்தவுடன், கோடு போட்ட, வயிறு நிறைந்த குட்டிகளைத் தூக்கிச் சாக்கு விரித்த சூடான பெட்டியில் ஒரு மணி நேரம் போட்டுவிடுவேன். அந்த நேரம் முழுக்க மடி சின்னக் குட்டிகளுக்கு. அப்புறம் மாற்றி விடுவேன். காசு செலவில்லாத வேலை. ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான்.

வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். குடித்த குட்டியின் வயிறு உருண்டு, கைக்கு மெத்தென்று இருக்கும். குடிக்காத குட்டியின் விலாவுக்குப் பின்னால் குழி விழும், வாயில் விரலை வைத்தால் உள்ளே சில்லென்று இருக்கும். வாய் சில்லிட்ட குட்டியை உடனே மடியில் விட்டுப் பயனில்லை. முதலில் சூடுபடுத்துங்கள், பிறகு தாயிடம் பீய்ச்சிய சீம்பாலை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, 10 மில்லி அளவாகச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விடுங்கள். குட்டி போட்டுக்கொண்டிருக்கும்போது பால் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும், பீய்ச்சுவது எளிது. தாய்க்குப் பாலே இல்லை என்றால் அதே நாளில் ஈன்ற இன்னொரு பன்றியின் சீம்பால். அதுவும் இல்லையென்றால் மாட்டுச் சீம்பால் கொடுக்கலாம். பன்றியின் சீம்பாலுக்கு அது ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல்.

பல்ப் போட்டிருக்கிறேன். பிறகும் ஏன் கழிகிறது?

பல்ப் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். குட்டி படுக்கும் இடத்தில், தரையோடு ஒட்டி, முதல் வாரம் 32 முதல் 34 டிகிரி இருக்க வேண்டும். தாய்க்கோ 20 டிகிரி பக்கத்தில் இருந்தால்தான் சுகம். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஆனால் வேறு வேறு வானிலை. அதனால்தான் மூலையில் தடுப்பு வைத்துத் தனிக் குட்டி அறை கட்டச் சொல்கிறார்கள்.

நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். பண்ணை தொடங்கிய முதல் வருடம், ஐப்பசி அடைமழை. ஒரு தாய் 11 குட்டி போட்டது. ராத்திரி மின்சாரம் போனது, சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரம். காலையில் குட்டிகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து நடுங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் வாலெல்லாம் நனைந்து மஞ்சள் தண்ணீர். மருந்துக்கடையில் கொடுத்த ஏதோ ஒரு பொடியைக் கரைத்து ஊற்றினேன். மூன்று நாளில் ஒன்பது குட்டி போய்விட்டது. அந்தக் குட்டிகளைப் புதைத்த இடத்தை இப்போதும் தாண்டித்தான் தீவனக் கிடங்குக்குப் போகிறேன்.

குளிரில் நடந்தது இதுதான். பிறந்த குட்டிக்கு உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. பிறந்த அரை மணிக்குள் உடல் சூடு இரண்டு டிகிரி இறங்கிவிடும். குளிர்ந்த குட்டி மடிக்குப் போகாது, போனாலும் உறிஞ்சாது. குடல் அசைவும் மந்தமாகி, உள்ளே போன கிருமி வெளியே தள்ளப்படாமல் அங்கேயே பெருகும். ஈரத் தரை இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். குட்டிகள் பல்புக்கு அடியில் பக்கம் பக்கமாகக் காலை நீட்டிப் படுத்தால் சூடு சரி. குவிந்து கிடந்தால் குளிர். பல்பை விட்டு விலகி வட்டமாகப் படுத்தால் சூடு அதிகம். தெர்மாமீட்டரைவிட இது நம்பகமானது.

கழிச்சலின் நிறத்தைப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லிவிடலாமா?

நிறத்தைவிட வயது அதிகம் சொல்லும். முதல் நான்கு நாளில் தண்ணீராக, வெளிர்மஞ்சளாகப் போனால் முதல் சந்தேகம் ஈ.கோலை. முதல் வாரத்திலேயே ரத்தம் கலந்து, துர்நாற்றத்தோடு போய்ச் சில மணி நேரத்தில் குட்டி செத்தால் கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் சி வகை. அது குடல் சுவரையே அழுகவைக்கும். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது கடினம்.

ஏழாம் நாளுக்குமேல், இரண்டாவது வாரத்தில், பேஸ்ட் மாதிரி மஞ்சளாக, புளிச்ச பால் வாடையோடு போனால் அது பாக்டீரியாவே இல்லாமல் இருக்கலாம். காக்சிடியா என்கிற ஒட்டுண்ணி. இதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காது. பலர் மருந்து மேல் மருந்து மாற்றிப் பணத்தைக் கரைப்பது இந்த இடத்தில்தான். இதற்கு டோல்ட்ராசுரில் என்ற மருந்து உண்டு. நோய் இருக்கும் பண்ணையில், அறிகுறி வருவதற்கு முன்பே, 3 முதல் 5 நாள் வயதில் ஒரே முறை வாய்வழியாக டாக்டர் கொடுப்பார். ரோட்டா, பி.இ.டி. போன்ற வைரஸ்களும் கழிச்சல் கொடுக்கும். எல்லா வயதுப் பன்றியும் ஒரே வாரத்தில் கழிந்து வாந்தியும் எடுத்தால் வைரஸை நினையுங்கள்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த லிட்மஸ் தாள் நினைவிருக்கிறதா? மருந்து எதுவும் கொடுக்காத குட்டியின் வாலைத் தூக்கி, அப்போதுதான் வரும் கழிச்சலைச் சிவப்பு லிட்மஸ் தாளில் தொடுங்கள். நீலமானால் காரம். ஈ.கோலை நஞ்சால் உடம்பிலிருந்து கொட்டும் நீர் காரத்தன்மை உள்ளது. நீலத் தாள் சிவந்தால் அமிலம். வைரஸ் குடலின் மேல்படலத்தைத் தின்றுவிட்டதால் செரிக்காத பால் உள்ளேயே புளித்து வருகிறது என்று பொருள். இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் சொல்ல ஒரு தகவல். உறுதியாகத் தெரிய, செத்து நேரமாகாத குட்டியைப் பனிக்கட்டியில் வைத்து, பக்கத்தில் இருக்கும் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டுபோய் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

கழிச்சல் வந்துவிட்டது. முதலில் செய்ய வேண்டியது என்ன?

தண்ணீர். குட்டி சாவது பெரும்பாலும் நீரிழப்பால். மருந்துக்கடையில் விற்கும் மனிதர்களுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் போட்டிருக்கிறபடி ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரையுங்கள். ஆழமில்லாத தட்டில் ஊற்றிக் குட்டி அறையில் வையுங்கள். கழியும் குட்டிக்குத் தாகம் அதிகம், ஒன்று குடித்தால் மற்றவை தானே கற்றுக்கொள்ளும். குடிக்க முடியாததற்குச் சிரிஞ்சில், கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணிக்கு ஒரு முறை. தட்டில் உள்ள நீரை நாளுக்கு இரண்டு முறை கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

வீட்டுச் சர்க்கரையும் உப்பும் போட்டுக் கரைக்கலாமே என்று கேட்பார்கள். இரண்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு வேண்டாம். நம் சமையலறைச் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த வயதில் பன்றிக்குட்டியின் குடலில் மிகக் குறைவு. செரிக்காத சர்க்கரையே கழிச்சலை அதிகமாக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இருப்பது குளுக்கோஸ், அது நேராக உள்ளே போகும், போகும்போது உப்பையும் தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பாலில் வரும் எதிர்ப்புப் புரதம் குடல் சுவரின் மேல் பூசிக்கொண்டு கிருமி ஒட்டாமல் தடுக்கிறது. அப்புறம் தாயையும் பாருங்கள். மடி சூடாக, கல் மாதிரி இருக்கிறதா? மலச்சிக்கலா? காய்ச்சலா? தாய்க்கு மடிநோய் என்றால் குட்டிக்கு எத்தனை மருந்து கொடுத்தும் பயனில்லை. கழியும் அறையில் வேலை செய்த செருப்போடும் துடைப்பத்தோடும் அடுத்த அறைக்குப் போகாதீர்கள். அன்றாட வேலையில் அந்த அறையைக் கடைசிக்கு வையுங்கள்.

ஆன்டிபயாடிக் எப்போது கொடுக்க வேண்டும்? போன முறை கேட்ட மருந்து இந்த முறை கேட்கவில்லையே?

கேட்காது. காரணம் நாமேதான். பாதி டோஸ், இரண்டு நாள், கழிச்சல் நின்றதும் நிறுத்தம், மிச்சத்தை அடுத்த ஈத்துக்கு எடுத்துவைத்தல் என்று பல பண்ணைகளில் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் சாகாமல் தப்பிய கிருமி அடுத்த குட்டிகளுக்கு வருகிறது.

கோலிஸ்டின் கதையைச் சொல்கிறேன். பன்றிக்கும் கோழிக்கும் கழிச்சலுக்கு உலகம் முழுக்க வாரி இறைத்த மருந்து அது. மனிதர்களுக்கோ, வேறெதுவும் கேட்காதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கொடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. 2015-இல் சீனாவில் பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலையில் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கோலிஸ்டினை எதிர்த்து நிற்கும் திறனை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடக்கூடிய மரபணு. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு எல்லாவற்றுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்துவிட்டார்கள். பழைய டப்பா யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள் தேவைப்படலாம் என்கிற மருந்து அது.

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈ.கோலை கழிச்சலில் முதல் நாளே சரியான மருந்து போனால் குட்டி பிழைக்கும். எது சரியான மருந்து என்பதைக் கழிச்சல் மாதிரியில் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனை சொல்லும். வருடத்தில் ஒரு முறையாவது உங்கள் பண்ணைக்கு இதைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை. இறைச்சிக்கு அனுப்பும் முன் மருந்துக்கேற்ற இடைவெளி விட வேண்டும், அதையும் அவரிடமே கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

இரும்பு ஊசிக்கும் கழிச்சலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. குட்டி 50 மில்லிகிராம் அளவு இரும்போடுதான் பிறக்கிறது. ஒரு நாளைக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் தேவை, தாய்ப்பாலில் கிடைப்பதோ ஏறக்குறைய 1. ஒரு வாரத்தில் கையிருப்பு தீர்ந்து குட்டி வெளிறும், நோய்க்குச் சீக்கிரம் ஆளாகும். மூன்றாம் நாளில் ஊசி போட்டுவிடுங்கள், அளவு டாக்டர் சொல்வார். ஒரே ஊசியை ஈத்து முழுவதற்கும் குத்தாதீர்கள்.

குட்டி போடும் அறையை எப்படிச் சுத்தம் செய்வது?

பினாயிலை ஊற்றிப் பெருக்கித் தள்ளுவதைச் சுத்தம் என்று நினைக்கிறோம். சாணத்தின் மேல் ஊற்றிய கிருமிநாசினி சாணத்தோடே தீர்ந்துவிடும், அடியில் உள்ள கிருமியைத் தொடாது. முதலில் காய்ந்த சாணத்தைச் சுரண்டி எடுங்கள். நன்றாக ஊறவையுங்கள். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேயுங்கள், சுவரில் ஒரு முழ உயரம் வரை, தீவனத் தொட்டியின் அடிப்பக்கம், குழாய் நிப்பிள் எல்லாம். கழுவுங்கள். காயவிடுங்கள். பிறகுதான் கிருமிநாசினி. மறுபடி காயவிடுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். சிமென்ட் தரையில் விரிசல் இருந்தால் பூசிவிடுங்கள், கிருமியின் வீடு அதுதான். காக்சிடியா தொல்லை இருந்தால் சாதாரண கிருமிநாசினிக்கு அது சாகாது. கோழிப் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் தீச்சுவாலைத் துப்பாக்கியைக் கடன் வாங்கித் தரையை ஒரு முறை சுட்டுவிடுங்கள், எரியக்கூடிய பொருளை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு. அடுத்த தாயை உள்ளே விடும் முன் அறை ஐந்து நாளாவது காய்ந்து கிடக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம், அறை பற்றாக்குறையால்.

தாயையும் கழுவுங்கள். பன்றியின் சினைக்காலம் 114 நாள், மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஈனுவதற்கு ஒரு வாரம் முன் குளிப்பாட்டி, மடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காய்ந்த அறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மடியில் ஒட்டியிருக்கும் சாணம்தான் குட்டியின் முதல் வாய் உணவு.

சினைப்பன்றிக்குத் தடுப்பூசி போட்டால் குட்டிக்குக் கழிச்சல் வராதா?

ஈ.கோலைக்கும் கிளாஸ்டிரிடியத்துக்கும் தாய்க்குப் போடும் தடுப்பூசிகள் இருக்கின்றன. முதல் ஈத்துப் பன்றிக்கு ஈனுவதற்கு ஐந்தாறு வாரம் முன் ஒன்று, இரண்டு மூன்று வாரம் முன் இன்னொன்று என்பது வழக்கம். ஊசி தாயின் சீம்பாலை வலுவாக்கும், அவ்வளவே. அந்தச் சீம்பாலைக் குட்டி குடிக்காவிட்டால் ஊசி வீண். முதல் ஈத்துப் பன்றியின் குட்டிகளே அதிகம் கழிவதற்குக் காரணம், அந்தத் தாய் உங்கள் பண்ணையின் கிருமிகளை இன்னும் முழுதாகச் சந்திக்கவில்லை. வெளியிலிருந்து சினைப்பன்றி வாங்குவதானால் ஈனுவதற்கு மாதம் இருக்கும்போதே வாங்குங்கள். கடைசி வாரத்தில் வாங்கிவந்து இறக்காதீர்கள்.

பால் மறக்கடித்து ஐந்தாம் நாள் எல்லாக் குட்டியும் கழிகிறது. அதுவரை நன்றாக இருந்தன. ஏன்?

ஒரே நாளில் அந்தக் குட்டிக்கு என்னவெல்லாம் போனது என்று யோசியுங்கள். தாய் போனது. மணிக்கு ஒரு முறை கிடைத்த வெதுவெதுப்பான பால் போனது. பாலோடு வந்த எதிர்ப்புப் புரதம் போனது. தெரியாத குட்டிகளோடு ஒரே அறை, சண்டை. தட்டில் காய்ந்த மாவு. முதல் நாள் பெரும்பாலான குட்டிகள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை.

சாப்பிடாத குடலில் என்ன நடக்கிறது தெரியுமா? சிறுகுடலின் உள்சுவர் துண்டின் நூல் போலக் கோடிக்கணக்கான குடலுறிஞ்சிகளால் ஆனது. அதுதான் சத்தை உறிஞ்சுகிறது. பால் நின்ற 24 மணி நேரத்தில் அந்த நூல்களின் உயரம் கால்வாசி குறைகிறது, ஐந்து நாளில் பாதியாகிவிடுகிறது. இரண்டாம் நாள் பசி தாங்காமல் குட்டி ஒரே மூச்சில் தின்கிறது. சுருங்கிய குடலால் அதைச் செரிக்க முடியாது. செரிக்காத புரதம் பின்குடலுக்குப் போய் அழுகுகிறது. இரைப்பையில் அமிலமும் குறைவு. பால் குடிக்கும்போது பாலின் சர்க்கரையை நல்ல பாக்டீரியா புளிக்கவைத்து அமிலம் தந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றுவிட்டது. இந்த நேரத்துக்காகவே காத்திருந்த மாதிரி ஈ.கோலை உள்ளே நுழைகிறது. எஃப்4 என்ற ஒட்டும் இழை உள்ள வகை சின்ன வயதிலும் ஒட்டும். எஃப்18 வகை ஒட்டுவதற்கான இடம் குட்டி வளர்ந்த பிறகே குடலில் உருவாகிறது, அதனால் அது பால் மறந்த பிறகுதான் தாக்கும்.

இதில் நம்மால் மாற்றக்கூடியது நிறைய. பத்தாம் நாளிலிருந்தே குட்டி அறையில் ஒரு கைப்பிடி குட்டித் தீவனம் வையுங்கள். தின்னாது, மூக்கால் கிளறும், பரவாயில்லை, காலையும் மாலையும் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். பால் மறக்கடிக்கும்போது குட்டியை நகர்த்தாமல் தாயை அப்புறப்படுத்துங்கள், குட்டிகள் பழகிய அறையிலேயே ஒரு வாரம் இருக்கட்டும். முதல் மூன்று நாலு நாள் தீவனத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கஞ்சி மாதிரி கரைத்து, நாளுக்கு ஐந்தாறு முறை, அரை மணியில் காலியாகும் அளவு மட்டும் ஊற்றுங்கள். மிச்சம் நின்றால் எடுத்துவிடுங்கள். ராத்திரிச் சூடு 28 டிகிரி இருக்கட்டும். நிப்பிளில் தண்ணீர் வருகிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள், நிமிடத்துக்கு அரை லிட்டராவது வர வேண்டும். முதல் இரண்டு நாள் தட்டிலும் தண்ணீர் வையுங்கள், நிப்பிளைக் குட்டிக்குத் தெரியாது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 28 நாளில் பிரித்தால் வருடத்துக்கு ஈத்து கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் பால்பவுடர் சேர்ந்த நல்ல குட்டித் தீவனமும் சூடான அறையும் இருந்தால்தான் அது வேலை செய்யும். வெறும் தவிடும் புண்ணாக்கும் போடும் சின்னப் பண்ணைக்கு 42 நாள் வரை தாயோடு விடுவதே லாபம் என்பது என் முடிவு.

குட்டித் தீவனத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

புரதம் அதிகம் போட்டால் சீக்கிரம் வளரும் என்ற நினைப்பு. பால் மறந்த இரண்டு வாரத்துக்கு 17, 18 சதவீதம் போதும், லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். சோயாப் புண்ணாக்கைத் திடீரென்று நிறையப் போடாதீர்கள், குடல் சுவர் வீங்கும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். விலை குறைவு என்று வாங்கும் கழிவுக் கருவாட்டுத்தூளில் சால்மொனெல்லா என்ற குடல் கிருமியும் உப்பும் சேர்ந்து வரும். சுண்ணாம்புக்கல் தூளை அளவுக்கு மேல் சேர்த்தால் இரைப்பையில் இருக்கும் கொஞ்ச அமிலத்தையும் அது முறித்துவிடும்.

சிங்க் ஆக்சைடு போடலாமா?

தீவனத்தில் டன்னுக்கு இரண்டரை, மூன்று கிலோ சேர்த்தால் பால் மறந்த கழிச்சல் குறைகிறது என்பது உண்மை. பல நாடுகள் அதை நம்பியே இருந்தன. ஆனால் தின்ற சிங்கில், அதாவது துத்தநாகத்தில், பெரும்பங்கு சாணத்தோடு வயலுக்குப் போய் மண்ணில் தங்குகிறது, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருகத் துணைபோகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனோடு இந்த மருந்தளவுப் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. டென்மார்க் அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், குட்டிகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் போடும் ஆன்டிபயாடிக்கையும் கைவிட்ட நாடு. அப்போது அங்கே குட்டிகளுக்குக் கழிச்சல் கொஞ்ச காலம் கூடத்தான் செய்தது. பால் மறக்கடிக்கும் வயது, தீவனம், சுத்தம் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தார்கள். நம் சாணம் நம் வயலுக்கும் கிணற்றுக்கும்தான் போகிறது என்பதால், நான் போடுவதில்லை.

புரோபயாடிக், அமிலம், மோர் இவை பயன் தருமா?

தரும், அளவோடு எதிர்பார்த்தால். ஃபார்மிக், சிட்ரிக், பென்சாயிக் போன்ற கரிம அமிலங்கள் தீவனத்திலோ தண்ணீரிலோ சேர்ந்தால் இரைப்பையின் அமிலக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். தண்ணீரில் அதிகமாகிவிட்டால் குட்டி குடிக்காது, அது இன்னும் மோசம். புரோபயாடிக் என்று விற்கும் லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ், ஈஸ்ட் போன்ற நல்ல நுண்ணுயிர்கள் நல்ல குடலை நல்லபடியாக வைத்திருக்க உதவும், படுத்துவிட்ட குட்டியை எழுப்பாது. நான் பால் மறந்த குட்டிகளின் கஞ்சியில் புளித்த மோர் கலக்கிறேன். பழகிய வாசனைக்கு ஆசையாகத் தின்கின்றன. அன்றன்றைக்குத் தயாரித்தது, சுத்தமான பாத்திரம், இந்த இரண்டும் தவறினால் மோரே நோயைக் கொண்டுவரும். ஆன்டிபயாடிக்கும் புரோபயாடிக்கும் ஒரே நேரத்தில் கொடுப்பது காசைத் தண்ணீரில் போடுவது.

ஓட்டல் கழிவு கொடுத்துத்தான் வளர்க்கிறோம். குட்டிக்கும் அதையே கொடுக்கலாமா?

பெரிய பன்றிக்குக்கூட வேகவைக்காமல் கொடுக்காதீர்கள். கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே. கழிச்சல் மட்டும் அல்ல காரணம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020-இல் அஸ்ஸாமில் நுழைந்தது, 2022-இல் வயநாட்டுக்கு வந்தது, 2023-இல் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலேயே உறுதியானது. கழிவில் வரும் ஒரு துண்டு பன்றி இறைச்சி போதும், பண்ணையே காலி. மூன்று மாதம் ஆகாத குட்டிக்கு ஓட்டல் கழிவே வேண்டாம். எண்ணெய், காரம், ஊறுகாய் உப்பு எல்லாவற்றையும் அந்தக் குடல் தாங்காது. வேகவைத்த வாளியையும் வேகாத வாளியையும் வேறு வேறு நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகக் கொழுத்த குட்டி திடீரென்று செத்துக் கிடக்கிறது. கண் இமை வீங்கியிருக்கிறது. விஷமா?

பால் மறந்து ஒன்றிரண்டு வாரத்தில் இது நடந்தால் வீக்க நோய். அதுவும் எஃப்18 ஈ.கோலையின் வேலைதான். ஆனால் இந்த வகை சுரக்கும் நஞ்சு ரத்தக்குழாய்களைத் தாக்குகிறது. இமையும் நெற்றியும் வீங்கும், குட்டி குடித்த மாதிரி தள்ளாடும், கத்தும் குரல் கரகரக்கும். கழிச்சல் இல்லாமலே சாகலாம். கூட்டத்தில் எது அதிகம் தின்கிறதோ அதுதான் முதலில் போகும். மற்ற குட்டிகளின் தீவனத்தை உடனே பாதியாகக் குறைத்து, தண்ணீர் தாராளமாக வைத்து, டாக்டரை அழையுங்கள்.

மூன்று மாதப் பன்றி சளியும் ரத்தமுமாகக் கழிகிறது. இதுவும் ஈ.கோலையா?

இந்த வயதில் வேறு ஆட்கள். சளியும் ரத்தமும் கலந்து சாம்பல் நிறமாகப் போனால் பிரேகிஸ்பைரா என்ற பாக்டீரியா தரும் பன்றிச் சீதபேதி. தார் மாதிரிக் கருப்பாகப் போனாலோ, கழிச்சலே பெரிதாக இல்லாமல் வளர்ச்சி மட்டும் நின்றாலோ லாசோனியா என்ற இன்னொரு பாக்டீரியா. காய்ச்சலும் சேர்ந்தால் சால்மொனெல்லா. மூன்றுக்கும் மருந்து வேறு. எலி இந்தக் கிருமிகளைச் சுமந்து திரியும் என்பதால் தீவனக் கிடங்கில் எலியை ஒழிப்பது சிகிச்சையில் பாதி.

கழிச்சலில் பிழைத்த குட்டியைத் தாய்ப்பன்றியாக வைத்துக்கொள்ளலாமா?

இரண்டு மூன்று நாளில் தேறியது என்றால் தாராளமாக. இரண்டு வாரம் இழுத்து, முடி சிலிர்த்து, கூட்டத்தில் பாதி எடையில் நிற்கும் குட்டியை இறைச்சிக்கு வளர்த்து விற்றுவிடுங்கள். அதை வளர்ந்த குட்டிகளின் அறையில் சேர்க்காதீர்கள், அடுத்த சின்ன ஈத்தோடும் விடாதீர்கள். தேறிய பிறகும் சில நாள் கிருமியைச் சாணத்தில் விட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டுப் பிள்ளைகள் குட்டிகளைத் தூக்கி விளையாடுகிறார்கள். அவர்களுக்கு ஒட்டுமா?

பன்றிக்குட்டியைக் கழியவைக்கும் ஈ.கோலை வகைகள் பெரும்பாலும் மனிதக் குடலில் ஒட்டுவதில்லை. சால்மொனெல்லா ஒட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அது கடுமையாகவே வரும். கழிச்சல் இருக்கும் நாட்களில் பிள்ளைகளைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள். மற்ற நாட்களில் தூக்கி விளையாடட்டும், வெளியே வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவவையுங்கள். எங்கள் கொட்டில் வாசலில் ஒரு குழாயும், கயிற்றில் கட்டிய ஒரு சோப்பும் எப்போதும் தொங்கும். கயிறு கட்டியது காக்காய் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க.